டீச்சர் பதில்கள்: ஆறு வயசுக்கும் ஒரே ஓட்டுதான்

போன மாதம் இந்தப் பகுதியில் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், லெய்ஸ்டன் என்ற சிற்றூரில் இருக்கும் சம்மர்ஹில் பள்ளியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அங்கே வகுப்புக்குப் போவதும் போகாததும் பிள்ளையின் இஷ்டம். பள்ளியின் சட்டதிட்டங்களைப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அவ்வளவுதான் எழுதினேன். ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் அட்மிஷன் எப்போது என்று கேட்டிருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. ஸ்கூல் என்றாலே காலையில் வயிற்றுவலி வந்துவிடுகிறது. ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் சின்னதாக ஒரு பள்ளி நடத்துகிறார்கள். என்ன படிப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்வார்களாம். சேர்க்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் விட்டால் நாள் பூராவும் விளையாடிக்கொண்டேதானே இருப்பான்?
(ஓர் அம்மா, திருப்பூர்)

பதில்: ஆமாம்மா, விளையாடுவான். அதில் சந்தேகமே வேண்டாம்.

சம்மர்ஹில்லைத் தொடங்கிய நீல் இதற்கு ஒரு கணக்கே வைத்திருந்தார். வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளை வகுப்புப் பக்கம் தலைகாட்டாமல் சுற்றும் காலம் சராசரியாக மூன்று மாதம். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் மூன்று வருஷம் சுற்றினாளாம். அதுதான் ரெக்கார்டு. பழைய பள்ளியின் மேல் எவ்வளவு வெறுப்போ, தெளிய அவ்வளவு நாள் ஆகும் என்பது அவர் கணிப்பு. உங்கள் பையனுக்கு வயிற்றுவலி வருகிற அளவுக்கு இருக்கிறது என்றால், மூன்று மாதத்தில் முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நான் பையனைப் பற்றிக் கவலைப்படவில்லை. உங்களைப் பற்றித்தான். சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், “இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?” என்று கேட்காமல் உங்களால் இருக்க முடியுமா? உங்கள் மாமியார் கேட்காமல் இருப்பாரா? எங்கள் தெருவில் ஒரு பையன் இதே மாதிரி ஒரு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். பகலில் அங்கே மரம் ஏறுவான். ஆறு மணிக்கு வீட்டில் டியூஷன், சனிக்கிழமை அபாகஸ். பகலில் பெரியவர்கள் சொல்வது ஒப்புக்கு, ராத்திரி சொல்வதுதான் நிஜம் என்று ஒரே மாதத்தில் புரிந்துகொண்டான். கெட்டிக்காரன்.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் போய், அவர்கள் கூட்டம் நடக்கும்போது ஓரமாக உட்காருங்கள். தோட்டத்தையும் ஆட்டுக்குட்டியையும் காட்டுவார்கள். அதெல்லாம் அழகாகத்தான் இருக்கும். கூட்ட நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பெரியவர்கள் சொன்னது ஓட்டில் தோற்ற பக்கம் ஏதாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அது தோட்டத்தில் நடக்கும் சாதாரணப் பள்ளி. அதற்கு நீங்கள் இவ்வளவு தூரம் வேன் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆறு வயசுப் பிள்ளைக்கும் ஹெட்மாஸ்டருக்கும் ஒரே ஓட்டா? படிக்கிற வயசில் அடக்கம் கற்றுக்கொடுக்காமல் அதிகாரத்தைக் கொடுத்தால் நாடு உருப்படுமா?
(ஓய்வுபெற்ற தாசில்தார், நாமக்கல்)

பதில்: ஐயா, நீங்கள் கேட்ட தொனியிலேயே நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான்.

நீல் ஏதோ பணக்கார வீட்டில் பிறந்து பொழுதுபோகாமல் பள்ளி தொடங்கியவர் அல்ல. ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்து வாத்தியாரின் மகன். அப்பாவின் பள்ளியிலேயே உதவி வாத்தியாராகச் சேர்ந்து, தோல்வாரால் பிள்ளைகளை அடித்துத் தொழில் கற்றவர். அந்த வாரைக் கீழே போட்டு, 1921இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரை ஒட்டிய ஹெல்லராவில் முதல் பள்ளியைத் தொடங்கினார். அங்கிருந்து ஆஸ்திரியா, பிறகு இங்கிலாந்து, 1927இல் லெய்ஸ்டன். 1973இல் அவர் இறந்த பிறகு மனைவி நடத்தினார், 1985இல் பொறுப்பு மகளுக்கு வந்தது. நூறு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

கூட்டம் நடத்துவது ஒரு பிள்ளைதான், ஹெட்மாஸ்டர் இல்லை. பேச வேண்டுமானால் நீலும் கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். யார் சைக்கிளை யார் கேட்காமல் எடுத்தது, யார் ராத்திரி தூங்கவிடாமல் கத்தியது, இவைதான் பெரும்பாலும் வழக்கு. தண்டனை என்றால் கைச்செலவுக் காசில் கொஞ்சம் பிடிப்பார்கள், இல்லையென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் இனிப்பு அன்றைக்குக் கிடையாது. படுக்கப் போகும் நேரத்துக்கும் சட்டம் உண்டு. அதைக் கண்காணிக்கப் பிள்ளைகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டமே இல்லாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தாலுகா ஆபீசுக்குப் போட்டியாகச் சட்டம் வைத்திருக்கிறார்கள்.

அடக்கம் பற்றிக் கேட்டீர்கள். நீல் சொன்ன உதாரணம்: கணக்கு வகுப்புக்குப் போக மாட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அது அவன் சொந்த விஷயம். மற்றவர்கள் படிக்கும்போதோ தூங்கும்போதோ டிரம்பெட் ஊதுவேன் என்றால் அது அவன் சொந்த விஷயம் இல்லை. இந்தக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். அதோடு எல்லாவற்றையும் அவர் ஓட்டுக்கு விடவில்லை. வாத்தியார்களை நியமிப்பது, பணம், யாருக்கு எந்த அறை, இவை அவரிடமும் மனைவியிடமும்தான் இருந்தன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1968இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளி இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஆசிரியர்களையே வருஷா வருஷம் ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள், பிள்ளைகளும் ஓட்டுப் போட்டு. நானாக இருந்தால் மூன்றாம் வருஷமே வீட்டுக்குப் போயிருப்பேன்.

இனி என் கதை. 1994. திண்டுக்கல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 41 பிள்ளைகள். நீலின் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்த சூட்டில், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கூட்டத்துக்கு ஒதுக்கினேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி மேஜை மேல் வைத்தேன். முதல் இரண்டு வாரம் ஜன்னல் ஓரத்தில் யார் உட்காருவது என்றே போயிற்று. மூன்றாவது வாரம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “டீச்சர் சாக்பீஸை எறியறாங்க. மேல பட்டா வலிக்குது” என்றான். வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது. விவாதம் நடந்தது, ஓட்டும் எடுத்தார்கள். ஒரு வாரம் மணி அடித்த பிறகு நான் உடைந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி, தண்ணீர்ப் பானையையும் கழுவி வைக்க வேண்டும். செய்தேன். ஐந்து நாளும் அந்தப் பையன் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும் வரை நான் சாக்பீஸ் எறிந்ததில்லை.

இதோடு நிறுத்தினால் எனக்கு நல்ல பெயர். நாலாவது மாதம், வீட்டுப்பாடம் எழுதாதவர்களை வெளியே நிற்க வைக்கக் கூடாது, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும் என்று 29க்கு 9 என்ற கணக்கில் முடிவு செய்தார்கள். நல்ல முடிவு. ஆனால் அந்த வாரம் ஆய்வுக்கு அதிகாரி வருவதாக இருந்தது. பயத்தில் இரண்டு பையன்களை வெளியே நிற்க வைத்தேன். “இந்த ஒரு வாரம் மட்டும்” என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டை எடுத்து வைத்தேன். ஒரு கைகூட மேலே வரவில்லை. புகார் ஏதும் இல்லையா என்று கேட்டேன். “இல்லைங்க டீச்சர்.” 41 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் புகாரே இல்லை! நானும் பொங்கல் வரைக்கும் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன், அதே பதில்தான்.

பிள்ளைகளுக்கு அதிகாரம் கொடுத்ததால் கெட்டது எதையும் அந்த வகுப்பில் நான் பார்க்கவில்லை ஐயா. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கியதால் கெட்டதைப் பார்த்தேன். பிடுங்கியவள் நான்.

கேள்வி: பெரியவர்கள் நடத்தும் நீதிமன்றத்திலேயே இரக்கத்தைத் தேட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தீர்ப்பு எழுதினால் கொடூரமாக இருக்காதா?
(வழக்கறிஞர், மதுரை)

பதில்: இருக்கலாம். அதைத் தடுக்க ஒருவர் சட்டப் புத்தகமே எழுதினார். போலந்தின் யானுஸ் கோர்ச்சாக், குழந்தை மருத்துவர். வார்சாவில் கிரோக்மால்னா தெருவில் 92ஆம் எண் கட்டடத்தில், 1912இல் திறந்த யூத அனாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்தியவர். அங்கே பிள்ளைகளே நீதிபதிகள். அவர் எழுதிக் கொடுத்த சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பும் தள்ளுபடியும்தான். ‘குற்றம் செய்தான்’ என்று சொல்வதே நூறாவது பிரிவில்தான் ஆரம்பிக்கும். அதற்கு மேல் நூறு நூறாகத் தாவும். ஆயிரமாவது பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேற்றுவது. நீங்கள் வக்கீல், இந்த அமைப்பின் அழகு உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்: தண்டிக்க நினைக்கிற பிள்ளை 99 மன்னிப்புகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆறு மாதத்தில் ஐந்து முறை தன் மேல் தானே வழக்குப் போட்டுக்கொண்டார் கோர்ச்சாக். ஒரு பையனைக் காதோடு அறைந்தது, ஒரு பெண்ணைத் திருடி என்று சந்தேகப்பட்டது, ஒரு நீதிபதியை அவமானப்படுத்தியது இப்படி. என் சாக்பீஸ் வழக்கில் புகார் கொடுக்க ஒரு பையன் எழுந்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: நான் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். வகுப்பே இல்லாமல் கணக்கு எப்படி வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.
(கோவை)

பதில்: தம்பி, நான் கணக்கு டீச்சர். இந்த விஷயத்தில் எனக்குத்தான் அதிகச் சந்தேகம்.

சட்பரி வேலியைத் தொடங்கியவர்களில் ஒருவர் டேனியல் கிரீன்பெர்க். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். ஒரு நாள் ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள் ஒரு டஜன் பிள்ளைகள் வந்து, எங்களுக்குக் கணக்கு வேண்டும் என்று கேட்டார்களாம். சும்மா கேட்கிறீர்கள் என்று முதலில் தட்டிக்கழித்திருக்கிறார். அவர்கள் விடவில்லை. சரி, வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் அன்றைக்கு வகுப்பு இல்லை. இரண்டு முறை அப்படி நடந்தால் அதோடு முடிந்தது என்று நிபந்தனை போட்டார். புத்தகம் 1898இல் வந்த ஒரு பழைய கணக்குப் புத்தகம். கூட்டல், கழித்தல் தொடங்கி நீள்வகுத்தல், பின்னம், தசமம், சதவீதம், வர்க்கமூலம் வரை இருபது வாரத்தில் முடித்துவிட்டார்கள். கையில் இருந்தது மொத்தமே 20 மணி நேரம்.

இதைச் சொன்னவர் அந்த வாத்தியாரேதான், அதனால் கொஞ்சம் கழித்துக்கொண்டே நம்புங்கள். ஆனாலும் நான் இதைப் பாதிக்கு மேல் நம்புகிறேன். பின்னம் பிடிபடாத ஒரு ஏழாம் வகுப்புப் பையன், அப்பாவின் கறிக்கடையில் முக்கால் கிலோ, அரைக்கால் கிலோ என்று காசை மனசிலேயே போட்டுக் கொடுத்ததை நான் கடைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் வகுப்பில் அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். விழித்தான்.

படித்து முடித்து என்ன ஆனார்கள் என்று அடுத்துக் கேட்பீர்கள். சட்பரி வேலியிலிருந்து வெளியே வந்த 69 பேரைத் தேடிப் பிடித்து விசாரித்து, பீட்டர் கிரே, டேவிட் சானாஃப் என்ற இருவர் 1986இல் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரிக்குப் போக நினைத்தவர்களுக்குச் சேருவதிலும் ஈடுகொடுப்பதிலும் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட பள்ளியில் சேர்க்கிற பெற்றோர் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்பதையும் கூடவே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. செயல்வழிக் கற்றலில் நாம் செய்ததும் இதுதானே?
(திருவாரூர்)

பதில்: பங்காளி முறை, ஆனால் ஒரே வீடு இல்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: செயல்வழிக் கற்றல் என்பது நம் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் பாட அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாங்களே படித்த முறை. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தது, அவரவர் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, தன் வருகையைத் தானே குறித்துக்கொண்டது எல்லாம் எனக்கும் பிடித்தவை. அவரவர் வேகத்தில் போகலாம் என்பது பெரிய விஷயம். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளை விட்ட அட்டையிலிருந்து தொடரும். ஆனால் அந்த அட்டைகளைப் படிப்படியாக அடுக்கிய ஏணியைச் செய்தது யார்? எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி என்று நாம்தான் எழுதி வைத்தோம். எனக்கு இந்த ஏணியே வேண்டாம், நான் இன்றைக்கு எறும்புப் புற்றைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல அதில் அட்டை கிடையாது.

கேள்வி: இப்படிப் படித்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? அரசாங்கம் சும்மா விடுமா?
(ஒரு தந்தை, சென்னை)

பதில்: சான்றிதழுக்கு வழி இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. இப்படிப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் பலரும் போகிற பாதை அதுதான். ஆனால் அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது என்று 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நீங்கள் பார்க்கிற இடம் பள்ளியா, கற்றல் மையமா, காகிதத்தில் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைக் கேட்டதற்கு முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அரசாங்கம் சும்மா விடுமா என்றீர்களே, சம்மர்ஹில்லையே விடவில்லை. 1949இல் வந்த ஆய்வாளர்கள் மெச்சிவிட்டுப் போனார்கள். 1999இல் வந்தவர்கள் இது சுதந்திரம் இல்லை, சோம்பல் என்ற தொனியில் அறிக்கை எழுதினார்கள். பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் இருப்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. அதை மாற்றினால் அது சம்மர்ஹில்லே இல்லை என்று பள்ளி வழக்காடியது. 2000ஆம் வருஷம் மார்ச் மாதம், லண்டன் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் கட்டடத்தில் விசாரணை. நடுவிலேயே அரசுத் தரப்பு சமரசத்துக்கு வந்தது. ஏற்றுக்கொள்வதா வேண்டாமா? வக்கீல் முடிவு செய்யவில்லை, நீலின் மகளும் தனியாக முடிவு செய்யவில்லை. வந்திருந்த பிள்ளைகள் அந்தக் கோர்ட் அறையிலேயே பள்ளிக் கூட்டத்தைக் கூட்டி, சமரசத்தை விவாதித்து, ஓட்டெடுத்து ஏற்றுக்கொண்டார்கள். என் ஏழாம் வகுப்பில் ஆய்வு அதிகாரி வருகிறார் என்றதும் நான் என்ன செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஃபீஸ் எவ்வளவு? இதெல்லாம் காசு இருக்கிறவன் விளையாட்டுத்தானே?
(ஆட்டோ ஓட்டுநர், புதுச்சேரி)

பதில்: சம்மர்ஹில் கட்டணம் வாங்கி நடத்தும் விடுதிப் பள்ளி. சட்பரி வேலியிலும் கட்டணம் உண்டு. நம் ஊரிலும் இந்தப் பேச்சு பேசுகிற பல இடங்களின் வாசலில் கார்தான் நிற்கிறது. அதனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆரம்பம் அப்படி இல்லை. கோர்ச்சாக்கின் இல்லத்தில் இருந்தவர்கள் ஏழை அனாதைகள். நீல் இந்தக் கூட்ட முறையைக் கற்றுக்கொண்டது ஹோமர் லேன் என்பவரிடம். அவர் 1913இல் இங்கிலாந்தின் டார்செட்டில் நடத்தியது, கோர்ட் வரைக்கும் போய்வந்த பையன்களுக்கும் பெண்களுக்குமான குடியிருப்பு. கூட்டம் போட்டு ஓட்டெடுக்கக் காசு வேண்டாம் தம்பி. நாற்பது பக்க நோட்டு போதும்.

கேள்வி: டீச்சர், நான் ஒன்பதாவது படிக்கிறேன். எங்க கிளாஸ்ல லீடர் எலெக்‌ஷன் வச்சாங்க. நானும் ஓட்டுப் போட்டேன். ஜெயிச்சவ இப்ப டீச்சர் இல்லாதப்ப பேசறவங்க பேரை போர்டுல எழுதறா. என் பேரு தினமும் வருது. இதுக்குப் பேரு ஜனநாயகமா?
(ஒரு மாணவி, காரைக்குடி)

பதில்: இல்லடா கண்ணு. அது போலீஸ் வேலை. அவளையும் திட்டாதே, அவளுக்குக் கொடுத்த வேலை அது ஒண்ணுதான்.

உங்க வகுப்பாசிரியர்கிட்ட வாரத்துக்கு இருபது நிமிஷம் கேளு. கூட்டம்னு பெரிய வார்த்தை எல்லாம் சொல்லாதே, பயந்துடுவாங்க. உங்க கிளாஸே தீர்த்துக்கக்கூடிய ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கோ. ஃபேனுக்குக் கீழ இருக்கிற பெஞ்ச் யாருக்கு எந்த வாரம், தண்ணி கேனை யார் நிரப்பறது, இந்த மாதிரி. பரீட்சையை ஒழிக்கணும்னு முதல் வாரமே ஆரம்பிச்சா இரண்டாவது வாரம் இருக்காது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆசிரியர்கிட்ட ஒண்ணு கேட்டு எழுதி வாங்கிக்கோ: எதையெல்லாம் நாங்க முடிவு பண்ணலாம், எதைப் பண்ணக் கூடாது? அந்தப் பட்டியல் சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. பட்டியல்ல இருக்கிறதை அவங்க நடுவுல மாத்தக் கூடாது, அதுதான் முக்கியம். ஏன்னு மேலே நாமக்கல் ஐயாவுக்கு எழுதினதைப் படிச்சா உனக்குப் புரியும்.

இன்னொண்ணு. பேச்சுக்காக உன் பேரு தினமும் போர்டுல வருதுன்னு சொன்னே. முதல் புகார் உன் மேலேயே வந்தாலும் வரும். எழுந்து நின்னு கேட்டுக்கோ, எனக்கும் அப்படித்தான் வந்தது.

முதல் வாரம் என்ன முடிவாச்சுன்னு எனக்கு எழுது. எத்தனைக்கு எத்தனைன்னு ஓட்டுக் கணக்கையும் சேர்த்து.